மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

வீட்டு வயரிங் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம், கிளம்புகிற நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும். "தம்பி, இந்தப் படி லைட்டை மேலே இருந்தும் அணைக்கிற மாதிரி செய்ய முடியுமா?" சுவிட்ச் கீழே இருக்கும், மொட்டை மாடியில் காய்ந்த துணியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு அந்த வீட்டு அம்மா இருட்டில் காலால் படியைத் துழாவித் துழாவி இறங்கிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்த பிறகு "முடியாது" என்று சொல்ல மனசு வராது, முடியாத வேலையும் இல்லை. ஆனால் தப்பாகச் செய்தால் விளக்கு எரியும், அணையும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆபத்து உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் எனக்கு அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, பதில் எழுதியிருக்கிறேன்.

ஏற்கனவே ஒரு சுவிட்ச் இருக்கு. மேலே இன்னொரு சாதா சுவிட்ச் மாட்டிட்டா போதாதா?

போதாது. சாதாரண சுவிட்ச் ஒன்று கம்பியை இணைக்கும், இல்லை துண்டிக்கும், அவ்வளவுதான். அதே மாதிரி இன்னொன்றைப் பக்கவாட்டில் சேர்த்தால், எது ஒன்று ஆனில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கீழே போட்டதை மேலே அணைக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டும் ஆனில் இருந்தால்தான் எரியும். இரண்டுமே உங்களுக்கு வேண்டியது இல்லை.

இதற்கென்றே இருப்பது டூவே சுவிட்ச். பழைய ஆட்கள் ஸ்டேர்கேஸ் சுவிட்ச் என்பார்கள். இரண்டு இடத்துக்கு இரண்டு டூவே வேண்டும். ஒன்று டூவே, ஒன்று சாதா என்று மாட்டிச் சமாளிக்க முடியாது, ஏற்கனவே இருக்கிற சாதா சுவிட்சையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடையில டூவேன்னு குடுத்தாங்க, முன்பக்கம் பார்த்தா சாதா மாதிரியே இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருப்பிப் பாருங்கள். சாதா சுவிட்சில் கம்பி முடுக்கும் திருகு இரண்டு, டூவேயில் மூன்று. மூன்றில் ஒன்று காமன், மற்ற இரண்டும் வழிகள். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் காமன் முதல் வழியோடு சேரும், மறுபக்கம் தட்டினால் இரண்டாவது வழியோடு சேரும். எந்த நிலையிலும் காமன் சும்மா இருக்காது, ஏதோ ஒரு வழியோடு சேர்ந்தே இருக்கும். அந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று எப்போதும் சேராது.

எது காமன் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய பியானோ டைப்பில் பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் காமன். மாடுலரில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்து போடுகிறது, இடமும் மாறுகிறது. ஊகித்து மாட்ட வேண்டாம். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து மூன்று முனைகளையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். சுவிட்சை எப்படித் தட்டினாலும் எந்த இரண்டுக்கு நடுவே பீப் வரவே இல்லையோ அவை இரண்டும் வழிகள்; மிச்சம் இருப்பது காமன்.

கம்பி எப்படிப் போகும்? படம் இல்லாம புரியற மாதிரி சொல்லுங்க.

இரண்டு ஊருக்கு நடுவே இரண்டு பாதைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கேட், அது எப்போதும் ஏதாவது ஒரு பாதையைத் திறந்தும் மற்றதை மூடியும் வைத்திருக்கும். இரண்டு ஊரிலும் ஒரே பாதை திறந்திருந்தால் ஆள் போகலாம். ஒரு ஊரில் ஒன்று, அடுத்த ஊரில் வேறொன்று என்றால் போக முடியாது. எந்த ஊர்க்காரர் தன் கேட்டை மாற்றினாலும் நிலைமை தலைகீழாகும். டூவே முழுக்கவே இதுதான்.

கம்பியில் சொன்னால்: ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் கம்பி, கீழ் சுவிட்சின் காமனில் சேரும். கீழ் சுவிட்சின் இரண்டு வழிகளும் மேல் சுவிட்சின் இரண்டு வழிகளுக்கு இரண்டு கம்பியாகப் போகும். மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு கம்பி விளக்குக்கு. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, எந்த சுவிட்சிலும் நுழையாமல் நேரே விளக்குக்கு. அந்த நியூட்ரல், ஃபேஸ் எடுத்த அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் இதில்தான் பிறக்கின்றன.

மேல தட்டினா ஆஃப், கீழ தட்டினா ஆன்னு இருந்தது. இப்ப மாறி மாறி வருது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, டூவே அப்படித்தான். மேலே சொன்ன கேட் கதையை யோசித்தால் புரியும்: ஆன் என்று ஒரு பக்கம் கிடையாது, அடுத்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனாலேயே சுவிட்சின் நிலையைப் பார்த்து "ஆஃபில்தான் இருக்கு" என்று நம்பி பல்பு ஹோல்டரில் கை வைக்கக் கூடாது.

சுவரை உடைக்காம செய்ய முடியுமா? போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம்.

சுவருக்குள் போகும் பைப்பில் இடம் இருந்தால் முடியும். பழைய சுவிட்ச், ஃபேஸ், விளக்குக்குப் போகும் கம்பி எல்லாம் கீழ் போர்டிலேயே இருந்தால், அங்கிருந்து மேல் சுவிட்சுக்கு மூன்று கம்பி மட்டும் போதும். இரண்டு வழிக்கம்பி, மூன்றாவது மேல் காமனிலிருந்து கீழே திரும்பி வந்து, முன்பு பழைய சுவிட்சில் இருந்த விளக்குக் கம்பியோடு சேரும். நியூட்ரலைத் தொட வேண்டியதே இல்லை. சேர்க்கிற இடம் போர்டுக்குள்ளே இருக்கட்டும், கனெக்டர் போட்டு முடுக்குங்கள்; வெறுமனே முறுக்கி டேப் சுற்றியது நாள்பட்டால் பசை விட்டுக் கழன்றுவிடும்.

பைப் இருக்கிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். பூச்சு வேலையின்போது சிமென்ட் பால் இறங்கி வளைவில் இறுகிப்போன பைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் எதுவும் நுழையாது. அப்போது சுவர் மேலேயே கேசிங் கேப்பிங் (கம்பியை உள்ளே வைத்து மூடும் பட்டை) ஓட்டலாம். படியோரமாகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நேர்கோட்டில் ஓட்டினால் கண்ணை உறுத்தாது. அதுவும் வேண்டாம் என்றால் கம்பியே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, வைஃபை கேள்வியில் சொல்கிறேன்.

எந்த சைஸ் வயர்? கலர் முக்கியமா?

விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் தாங்கும், நான் 1.5 போடுகிறேன், விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. சுவிட்ச் 6 ஆம்பியர் போதும். இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

கலர் முக்கியம். உங்களுக்காக இல்லை, பத்து வருஷம் கழித்து அந்த போர்டைத் திறக்கப்போகிறவருக்காக. ஃபேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. இரண்டு வழிக்கம்பியும் ஃபேஸ் கம்பிதான், எப்போதும் ஒன்றில் கரண்ட் இருக்கும், அதனால் அவற்றுக்குக் கறுப்பு போடாதீர்கள். பச்சையில் ஃபேஸ் விடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மிச்சம் கிடக்கிற பச்சைக் கம்பியை வைத்து வேலையை முடித்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், பின்னால் வருபவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

எலக்ட்ரீஷியன் கீழே பக்கத்து பிளக்கில இருந்தும், மேலே பக்கத்து பிளக்கில இருந்தும் எடுத்துக்கலாம், கம்பி மிச்சம்னு சொல்றாரு. சரியா?

சரியில்லை, ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வது ஒரு பழைய முறை. கீழ் சுவிட்சின் இரண்டு வழிகளில் ஒன்றுக்கு ஃபேஸ், ஒன்றுக்கு நியூட்ரல் கொடுப்பார். மேல் சுவிட்சுக்கும் அப்படியே, அங்கே இருக்கிற ஃபேஸும் நியூட்ரலும். இரண்டு காமனிலிருந்தும் விளக்குக்கு ஒவ்வொரு கம்பி. ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் நியூட்ரல் வந்தால் எரியும். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் அணையும். மாடிக்கும் கீழுக்கும் நடுவே வழிக்கம்பி இழுக்க வேண்டியதில்லை, அதுதான் அவர் சொல்லும் மிச்சம்.

அணைந்திருக்கும்போது இரண்டு பக்கமும் நியூட்ரலாக இருந்தால் பிழைத்தோம். இரண்டு பக்கமும் ஃபேஸாக இருந்தால்? விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரின் இரண்டு முள்ளிலும் 230 வோல்ட் நிற்கும். ஒரு பழைய வீட்டில் பல்பு மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டூல் மேல் ஏறி, பல்பைக் கழற்றி, பழக்கத்தில் டெஸ்டரை ஒரு பித்தளை முள்ளில் வைத்தேன், எரிந்தது. அடுத்த முள்ளில் வைத்தேன், அதிலும் எரிந்தது. சுவிட்ச் ஆஃப், விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் இரண்டு முள்ளிலும் கரண்ட். அந்த வீட்டில் அதுவரை பல்பு மாற்றிக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம் போகும் பையன் என்று சொன்னார்கள். அன்றைக்கே மூன்று கம்பி இழுத்து மாற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.

இன்னொரு ஆபத்தும் இதில் இருக்கிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி வேறொரு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். கீழே ஒரு ஃபேஸும் மேலே இன்னொரு ஃபேஸும் விளக்கின் இரண்டு முனைக்கு வந்தால் நடுவே சுமார் 400 வோல்ட். பல்பு வெடிக்கலாம். இன்றைக்கு இரண்டும் ஒரே ஃபேஸ்தானே என்று விடவும் முடியாது, ஒரு ஃபேஸ் போன அன்று யாராவது ஃபேஸ் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி மாடியை வேறு ஃபேஸுக்கு மாற்றுவார்கள்.

கீழ்வீட்டுக்கு ஒரு மீட்டர், மாடி வாடகைக்கு ஒரு மீட்டர். படி லைட்டை எதுல குடுக்கிறது?

ஏதாவது ஒன்றில், முழுக்க முழுக்க அதில் மட்டும். ஃபேஸ் கீழ்வீட்டு மீட்டரில் என்றால் நியூட்ரலும் கீழ்வீட்டு மீட்டரிலிருந்தே போக வேண்டும், சுவிட்ச் மாடியில் இருந்தாலும், விளக்கு மாடியில் தொங்கினாலும். பொது இணைப்புக்குத் தனி மீட்டர் இருக்கிற வீடு என்றால் அதில் கொடுப்பதுதான் சுத்தம்.

பில்லைப் பற்றி வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வாக்குவாதம் செய்வதையும் பார்த்திருக்கிறேன். 9 வாட் எல்இடி ராத்திரி 5 மணி நேரம் எரிந்தால் மாதம் ஒன்றரை யூனிட்கூட வராது. அதற்காக வீட்டுக்காரர் தன் மீட்டரில் போட்டுக்கொள்வதே நல்லது. படியில் யார் விழுந்தாலும் வலி ஒன்றுதான்.

ஆர்சிசிபி மாட்டினதில இருந்து படி லைட்டைப் போட்டா டப்புனு ட்ரிப் ஆகுது. ஆர்சிசிபி கோளாறா?

பெரும்பாலும் ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஃபேஸ் வழியே போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று அது பார்க்கும், வீட்டுக்குப் போடும் வகை 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் அணைத்துவிடும். படி விளக்குக்கு ஃபேஸ் கீழேயிருந்தும் நியூட்ரல் மாடியிலிருந்தும் எடுத்திருந்தால், போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது, ஆர்சிசிபி அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். முந்தின கேள்வியில் சொன்னபடி, ஃபேஸ் எடுத்த இடத்திலிருந்தே நியூட்ரலையும் எடுத்தால் சரியாகிவிடும். ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மேல் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தாதான் கீழ் சுவிட்ச் வேலை செய்யுது. மறுபக்கம் தட்டிட்டா கீழ எவ்வளவு தட்டினாலும் எரியாது.

ஏதோ ஒரு சுவிட்சில் காமனுக்குப் போக வேண்டிய கம்பி வழியிலும், வழிக்குப் போக வேண்டியது காமனிலும் மாறி மாட்டியிருக்கிறது. சுவிட்ச் மாற்றும்போது பழையதில் இருந்த இடத்தைப் பார்த்து அப்படியே புதியதில் மாட்டினால் இது நடக்கும், கம்பெனிக்குக் கம்பெனி காமன் இடம் மாறுகிறது என்றேனே, அதனால். கரண்டை நிறுத்தி, காமனைக் கண்டுபிடித்து மாற்றினால் போதும். வழிக்கம்பி அறுந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிதான், காமன் சரியாக இருந்தால் அடுத்து அதைப் பாருங்கள்.

இரண்டு வழிக்கம்பியும் தங்களுக்குள் இடம் மாறினால் கவலை வேண்டாம், அதனால் ஒன்றும் ஆகாது.

அணைச்ச பிறகும் எல்இடி பல்பு லேசா மினுங்குது. இருட்டில பேய் மாதிரி இருக்கு.

முதலில், விளக்குக்கு நியூட்ரல் நேரே போகிறதா, சுவிட்ச் வழியே போகிறதா என்று பாருங்கள். ஃபேஸ் எப்போதும் விளக்கில் நின்று நியூட்ரலை மட்டும் துண்டிக்கிற வயரிங்கில் இப்படி மினுங்கும், அது ஆபத்து, உடனே மாற்ற வேண்டும். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அதன் வழியே துளிக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டும் இல்லை என்றால் காரணம் டூவேயின் அமைப்பிலேயே இருக்கிறது. அணைந்திருக்கும்போது ஒரு வழிக்கம்பியில் ஃபேஸ் நிற்கும், மற்றது விளக்கோடு சேர்ந்திருக்கும், இரண்டும் ஒரே பைப்பில் பத்து மீட்டர் ஒட்டிக்கொண்டே ஓடும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தூண்டலில் கொஞ்சம் ஏறும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும். விளக்குக்குக் குறுக்கே ஸ்னப்பர் (அந்தத் துளிக் கரண்டைத் தன் வழியே விட்டுவிடும் சின்ன பாகம்) போட்டால் நின்றுவிடும், சில சமயம் வேறு கம்பெனி பல்பு மாற்றினாலே போதும்.

மூணு மாடி. ஒவ்வொரு மாடியிலயும் சுவிட்ச் வேணும்.

முதலிலும் கடைசியிலும் டூவே, நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச். அதற்கு நான்கு முனை. கீழேயிருந்து வரும் இரண்டு வழிக்கம்பியையும் ஒரு நிலையில் நேராக மேலே அனுப்பும், மறுநிலையில் குறுக்கே மாற்றி அனுப்பும். நடுவில் எத்தனை இன்டர்மீடியட் வேண்டுமானாலும் சேர்க்கலாம், நான்கு மாடிக்கு இரண்டு, ஐந்து மாடிக்கு மூன்று.

கஷ்டம் என்னவென்றால் சின்ன ஊர்க் கடைகளில் இன்டர்மீடியட் எளிதில் கிடைக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். சுவரை மூடுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தனித்தனி டூவேயைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டினால்தான் சரியாக வரும், வீட்டில் யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள்.

மூன்றுக்கு மேல் போனால் நான் இம்பல்ஸ் ரிலேயைத்தான் சொல்வேன். அது டிபி பாக்ஸில், அதாவது வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டியில், எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்) பக்கத்தில் உட்காரும். மாடிக்கு மாடி காலிங் பெல் சுவிட்ச் மாதிரி அமுக்கும் பட்டன், எல்லாவற்றுக்கும் இரண்டே கம்பி. ஒரு தரம் அமுக்கினால் எரியும், எந்த மாடியில் இன்னொரு தரம் அமுக்கினாலும் அணையும்.

கரண்ட் போனா படி லைட்தான் முதல்ல வேணும். இன்வெர்ட்டர்ல குடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள், வீட்டில் இன்வெர்ட்டர் வேண்டிய முதல் விளக்கே அதுதான். இன்வெர்ட்டர் லைனின் ஃபேஸ், அதோடு சேர்ந்த நியூட்ரல், இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். பக்கத்து பிளக் முறையில் ஒரு பக்கம் இன்வெர்ட்டர், மறுபக்கம் ஈபி என்று கலந்துவிட்டால் கோளாறு எங்கெங்கோ போகும்.

அப்புறம் ஒன்று. இப்படிக் கொடுத்த பிறகு மெயினை அணைத்தாலும் படி விளக்கில் கரண்ட் இருக்கும். வேலை செய்ய வருபவரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

பெட்ரூம்ல கதவுகிட்ட ஒண்ணு, கட்டில்கிட்ட ஒண்ணு. ஃபேனுக்கும் செய்யலாமா?

விளக்குக்குப் படியில் சொன்ன அதே வயரிங்தான். ஃபேனுக்கும் முடியும்: இரண்டாவது சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்குப் பதில் ரெகுலேட்டருக்கு, அங்கிருந்து ஃபேனுக்கு. ரெகுலேட்டர் ஒரே இடத்தில்தான் இருக்கும், அதைக் கட்டில் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிரும்போது கை அங்கேதான் போகும்.

வைஃபை சுவிட்ச் வந்தாச்சே, இதெல்லாம் இன்னும் தேவையா?

சுவரைத் தொட முடியாத வீட்டுக்கு அது நல்ல வழி. பழைய போர்டுக்குள் சின்ன ரிலே மாட்யூல் ஒன்று, மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும் ரிமோட் பட்டன் ஒன்று, கம்பியே இழுக்க வேண்டாம். மாட்யூலுக்கு நியூட்ரல் வேண்டும். நம் ஊர் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் இருப்பதால் நியூட்ரலும் இருக்கும். பட்டனுக்கு பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும், வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் இதை யோசித்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டுகிறவர்களுக்கு நான் கம்பியைத்தான் சொல்வேன், பைப் போடும்போதே மூன்று கம்பி கூட விட்டால் அந்தக் கவலையே இல்லை.

நானே செஞ்சுக்கலாமா? யூடியூப் பார்த்தா ஈசியா இருக்கே.

வயரிங் மாற்றும் வேலையை வயர்மேன் சான்று உள்ளவரிடம் கொடுங்கள். சேர்ப்பது சுலபம்தான், பழைய போர்டில் முன்பு வந்தவர் எதை எங்கே சேர்த்துவிட்டுப் போனார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, அது படத்தில் வராது.

சரி, வேலை முடிஞ்சு அவர் கிளம்பறதுக்கு முன்னால நான் எதைப் பார்க்கணும்?

அவர் நிற்கும்போதே நான்கு நிலையையும் தட்டிப் பாருங்கள்: இரண்டும் மேலே, இரண்டும் கீழே, ஒன்று மேலே ஒன்று கீழே, அதன் தலைகீழ். இரண்டில் எரிய வேண்டும், இரண்டில் அணைய வேண்டும். ஆர்சிசிபி இருந்தால் விளக்கு எரியும்போது ட்ரிப் ஆகக் கூடாது.

பிறகு அணைந்த நிலையில் பல்பைக் கழற்றச் சொல்லி, ஹோல்டரின் ஒவ்வொரு முள்ளுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டர் தூண்டலுக்கே மங்கலாக எரியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்றிலும் 230 வரக் கூடாது. இப்போது இரண்டு சுவிட்சையும் ஒரு தரம் தட்டி, அடுத்த அணைந்த நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் தரம் சரியாகக் காட்டி இரண்டாவது தரம் 230 வந்தால், அவர் ஃபேஸையும் நியூட்ரலையும் கலந்திருக்கிறார். பல்பை மாட்ட விடாமல், போர்டை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.